ஒன்பது தேதி நெடுவரிசைகளை ஒரே படியில் சீர்செய்தல்: பவர் குவெரிக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு குழந்தையின் தடுப்பூசிப் பதிவேட்டை எக்செல் கோப்பில் ஏற்றியவர்களுக்கு அதில் எத்தனை தேதிகள் வரும் என்பது தெரியும். பிறந்த தேதி, பி.சி.ஜி. தேதி, பிறப்பின்போது போடும் ஹெபடைட்டிஸ் பி தேதி, 6, 10, 14 ஆவது வாரங்களில் போடும் பென்டா (ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி) 1, 2, 3 தேதிகள், ஒன்பது மாதம் நிறைந்தபின் போடும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) 1 தேதி, பதினாறு மாதத்திற்குப் பின் வரும் எம்.ஆர். 2 தேதி, டி.பி.டி. பூஸ்டர் தேதி என ஒரு வரிசைக்கு ஒன்பது தேதிகள் ஆகின்றன. போலியோ, ரோட்டா, நிமோகாக்கல் தடுப்பு மருந்துகளையும் தனித்தனியாகப் பதிந்தால் எண்ணிக்கை இருபதைத் தாண்டும்.

இப்படியொரு பட்டியலைச் சீர்செய்யும் பணி ஒருமுறை என்னிடம் வந்தது. எனக்கு முன்பு அதைக் கையாண்டவர் ஒவ்வொரு நெடுவரிசையையும் தனித்தனியாக மாற்றியிருந்தார். ஏழு நெடுவரிசைகளில் நாள் முதலிலும் மாதம் அடுத்தும் படிக்கப்பட்டிருந்தன. இரண்டில் மட்டும் மாதம் முதலில் படிக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டிலும் பிழைச் செய்தி வந்த கட்டங்களை அவர் வெறுமையாக்கிவிட்டதால், எஞ்சியவை பார்வைக்குச் சரியான தேதிகளாகவே தெரிந்தன. ஒரே பதிவேட்டிலிருந்து வந்த எல்லாத் தேதிகளையும் ஒரே முடிவின்படி, ஒரே படியில் மாற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அந்த அனுபவமே காரணம். நேரம் மிச்சமாவது உண்மைதான் என்றாலும், ஒன்பது இடங்களில் ஒன்பது விதமாகத் தவறு நேரும் வாய்ப்பு ஒரே இடத்திற்குச் சுருங்குவதே முதன்மையான ஆதாயம்.

இந்த வழிகாட்டி, எக்செல் மென்பொருளில் தரவை உள்ளே கொண்டுவந்து படிப்படியாகச் சுத்தம் செய்ய உதவும் பவர் குவெரியை வைத்து எழுதப்பட்டது. எக்செல் 2016 முதல் அது தனி இணைப்பாக அல்லாமல், டேட்டா தாவலிலேயே கிடைக்கிறது. பவர் பி.ஐ. மென்பொருளில் இருப்பதும் இதே கருவி என்பதால் படிகள் ஏறத்தாழ ஒன்றே.

முதல் படி: கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள்

மூலக் கோப்பு சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) வடிவில் இருந்தால், அதை எக்செலில் நேரடியாகத் திறந்து சேமித்துவிட்டுப் பிறகு பவர் குவெரிக்குக் கொண்டுவருவதே பலரும் செய்யும் முதல் தவறு. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், 03/04/2024 என்று எழுதப்பட்ட ஏப்ரல் 3 ஆம் தேதியை எக்செல் உங்களைக் கேட்காமலேயே மார்ச் 4 ஆக மாற்றிவிடும்; 15/05/2024 என்பதில் பதினைந்தாவது மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். இந்தச் சேதம் பவர் குவெரியின் வாசலை அடையும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

ஆகவே வெறுமையான எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்து, டேட்டா தாவலில் கெட் டேட்டா வழியாக டெக்ஸ்ட் அல்லது சி.எஸ்.வி. கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டப் பெட்டி திறக்கும்போது, டேட்டா டைப் டிடெக்‌ஷன் என்ற இடத்தில் முதல் 200 வரிசைகளைப் பார்த்து வகையை ஊகிக்கும் அமைப்பே இயல்பாக இருக்கும். அதை மாற்றி, வகையைக் கண்டறிய வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா பொத்தானை அழுத்துங்கள். தமிழ்த் தலைப்புகள் கட்டம் கட்டமாகச் சிதைந்து தெரிந்தால், அதே பெட்டியில் ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் யு.டி.எஃப். 8 என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாம் படி: தானாகச் சேரும் வகைமாற்றத்தை நீக்குதல்

வகை கண்டறிதலை நிறுத்தினால் தலைப்பு வரிசையும் தரவாகவே வந்து நிற்கக்கூடும். அப்போது யூஸ் ஃபர்ஸ்ட் ரோ ஆஸ் ஹெடர்ஸ் என்ற கட்டளையைப் பயன்படுத்துவோம். அந்தக் கட்டளை தலைப்பை மேலேற்றுவதோடு நில்லாமல், சேஞ்ச்டு டைப் என்ற இன்னொரு படியையும் தானாகச் சேர்த்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வலப்புறம் உள்ள அப்ளைடு ஸ்டெப்ஸ் பட்டியலில் அப்படி ஒரு படி இருந்தால், அதன் இடப்பக்கம் உள்ள பெருக்கல் குறியைச் சொடுக்கி நீக்கிவிடுங்கள். இதே வேலையை அடிக்கடி செய்பவர்கள் குவெரி ஆப்ஷன்ஸ் பகுதியில் டேட்டா லோட் என்பதற்குள் சென்று, வகை கண்டறிதலையே நிரந்தரமாக நிறுத்தி வைக்கலாம். எல்லா நெடுவரிசைகளும் எழுத்து வகையிலேயே உள்ளனவா என்று தலைப்பின் அருகிலுள்ள சிறு குறியைப் பார்த்து உறுதிசெய்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் படி: எழுத்தாக இருக்கும்போதே சுத்தம் செய்தல்

முதல் தேதி நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கி, கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி மற்ற தேதி நெடுவரிசைகளின் தலைப்புகளையும் சொடுக்குங்கள். அவை அடுத்தடுத்து இருந்தால் முதலாவதைச் சொடுக்கி, ஷிஃப்ட் விசையுடன் கடைசியைச் சொடுக்கினால் போதும். இனி செய்யும் ஒவ்வொரு செயலும் தேர்ந்தெடுத்த ஒன்பதுக்கும் சேர்த்தே நடக்கும். டிரான்ஸ்ஃபார்ம் தாவலில் ஃபார்மட் பகுதியில் உள்ள டிரிம், கிளீன் ஆகிய இரண்டையும் செய்து, முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளையும் அச்சில் தெரியாத குறிகளையும் அகற்றுங்கள்.

அடுத்தது பிரிப்புக்குறிகள். தமிழ்நாட்டு அரசு ஆணைகளிலும் கடிதங்களிலும் தேதியைப் புள்ளியிட்டு 05.11.2023 என்று எழுதுவதே வழக்கம். அந்தப் பழக்கத்தில் தட்டச்சு செய்பவர் புள்ளியும், வேறொருவர் சாய்கோடும், மற்றொருவர் சிறுகோடும் இட்டிருப்பார்கள். ரீப்ளேஸ் வேல்யூஸ் கட்டளையால் புள்ளியையும் சிறுகோட்டையும் சாய்கோடாக மாற்றி எல்லாவற்றையும் ஒரே வடிவத்திற்குக் கொண்டுவாருங்கள்.

ஆனால் இதில் ஒரு வரிசைமுறை உண்டு. ஊசி போடாத குழந்தைக்குக் கட்டத்தை வெறுமையாக விடாமல் வெறும் சிறுகோடு இடுவதும், இல்லை என்று எழுதுவதும் பதிவேடுகளில் சாதாரணம். அவற்றை முதலில் நல் (null) என்னும் வெறுமை மதிப்பாக மாற்றிவிட வேண்டும். அப்படி மாற்றும்போது ரீப்ளேஸ் வேல்யூஸ் பெட்டியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதைத் திறந்து, கட்டத்தின் முழு உள்ளடக்கமும் பொருந்தினால் மட்டும் மாற்று என்ற தேர்வை மறவாமல் இடுங்கள். அதை இடாவிட்டால் தனியாக நிற்கும் சிறுகோட்டோடு 5-11-2023 என்பதன் உள்ளே இருக்கும் சிறுகோடுகளும் மாற்றப்பட்டு, நல்ல தேதிகள் குலைந்துவிடும். மாற்றிய பின் சூத்திரப் பட்டையைப் பாருங்கள். நல் என்ற சொல் மேற்கோள்குறி இன்றி நிற்க வேண்டும். மேற்கோளுக்குள் இருந்தால் அது வெறுமையைக் குறிக்கும் மதிப்பன்று, நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு சொல் மட்டுமே.

நான்காம் படி: வட்டாரத்தைக் குறிப்பிட்டு ஒரே முறையில் மாற்றுதல்

ஒன்பது நெடுவரிசைகளும் தேர்வில் இருக்கும்போதே, ஏதாவது ஒரு தலைப்பின்மீது வலச்சொடுக்கு செய்து, சேஞ்ச் டைப் பட்டியலின் கடைசியில் உள்ள யூஸிங் லொகேல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் பெட்டியில் டேட்டா டைப் என்ற இடத்தில் டேட் என்றும், லொகேல் என்ற இடத்தில் இங்கிலீஷ் இந்தியா என்றும் கொடுத்து ஓகே அழுத்தினால், ஒன்பதும் ஒரே படியில் தேதி வகைக்கு மாறும்.

தலைப்பில் உள்ள சிறு குறியைச் சொடுக்கி நேரடியாக டேட் என்று தேர்ந்தெடுத்தாலும் தேதி வரத்தானே செய்கிறது என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் கோப்பின் வட்டார அமைப்பே பயன்படும். அது பெரும்பாலும் கணினியின் அமைப்பைப் பின்பற்றும். உங்கள் மேசையில் சரியாக வந்த அதே கோப்பு, அமெரிக்க அமைப்புள்ள இன்னொரு கணினியில் புதுப்பிக்கப்படும்போது வேறு தேதிகளைத் தரும். வட்டாரத்தைப் படிக்குள்ளேயே எழுதிவிட்டால் எந்தக் கணினியில் ஓடினாலும் விடை மாறாது. உருவான படிக்கு, எல்லாத் தேதிகளும் இந்திய முறையில் என்பது போன்ற பெயர் ஒன்றைச் சூட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறப்பவருக்கு அது உதவும்.

மூலத் தரவில் தேதியோடு நேரமும் எழுத்தாக ஒட்டியிருந்தால், நேராகத் தேதிக்கு மாற்றும்போது பெரும்பாலும் பிழை வரும். அப்போது முதலில் டேட் டைம் வகைக்கு வட்டாரத்துடன் மாற்றி, பின்பு டேட் வகைக்கு மாற்ற வேண்டும். இரண்டாவது மாற்றத்தின்போது முந்தைய படியை மாற்றீடு செய்யவா, புதிய படியாகச் சேர்க்கவா என்று பவர் குவெரி கேட்டால், புதிய படி என்றே விடை கொடுங்கள்.

ஐந்தாம் படி: தெரியும் பிழைகளும் தெரியாத பிழைகளும்

வியூ தாவலில் காலம் குவாலிட்டி (நெடுவரிசையின் தரம்) என்பதை இயக்கினால், ஒவ்வொரு தலைப்பின் கீழும் சரியானவை, பிழையானவை, வெறுமையானவை எத்தனை விழுக்காடு என்று தெரியும். இயல்பாக இது முதல் 1000 வரிசைகளை மட்டுமே கணக்கிடும். சாளரத்தின் அடியில் உள்ள நிலைப்பட்டையில் அதைச் சொடுக்கி, முழுத் தரவுக்கும் என்று மாற்றிய பின்னரே அந்த எண்களை நம்ப வேண்டும். பிழையுள்ள வரிசைகளை மட்டும் காண, இந்தக் குவெரியை (இதுவரை செய்த படிகளின் தொகுப்பை) வலச்சொடுக்கி ரெஃபரன்ஸ் எடுத்து, அதன் விளைவிலிருந்து தொடங்கும் புதிய குவெரியில் தேதி நெடுவரிசைகளைத் தேர்ந்து, கீப் ரோஸ் பகுதியில் கீப் எரர்ஸ் என்பதைக் கொடுங்கள். வந்த பட்டியலை மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பிழைகளை நல் மதிப்பாக மாற்றி மறைப்பது எளிது என்றாலும், ஊசி போட்ட குழந்தையை போடாத குழந்தையாக்கும் செயல் அது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

சிவப்பாகத் தெரியும் பிழைகளைவிட எனக்கு அச்சம் தருபவை தெரியாத பிழைகளே. இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்பட்டால், 365 நாள் ஆண்டில் 13 ஆம் தேதியும் அதற்கு மேலும் வரும் 221 நாட்கள் பிழையாக வெளிப்பட்டுவிடும். 1 முதல் 12 வரையிலான தேதிகள் மாதத்திற்கு 12 வீதம் 144 நாட்கள். இவற்றில் ஜனவரி 1, பிப்ரவரி 2 போன்ற 12 நாட்களுக்கு இடமாற்றத்தால் தீங்கில்லை. எஞ்சிய 132 நாட்கள் எந்த எச்சரிக்கையும் இன்றி வேறொரு நாளாகிவிடும். ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் அது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு குழந்தை 03/04/2024 அன்று, அதாவது ஏப்ரல் 3 அன்று பிறந்தது என்க. பென்டா 1 ஆறு வாரம் கழித்து 15/05/2024 அன்றும், பென்டா 2 நான்கு வாரம் கழித்து 12/06/2024 அன்றும், பென்டா 3 அடுத்த நான்கு வாரத்தில் 10/07/2024 அன்றும் போடப்பட்டன. இதை அமெரிக்க முறையில் படித்தால் பிறந்த நாள் மார்ச் 4 ஆகும். பென்டா 1 பிழையாகும். பென்டா 2 டிசம்பர் 6 ஆகும். பென்டா 3 அக்டோபர் 7 ஆகும். பிறந்த தேதி முப்பது நாட்கள் முன்னே போனதால், ஜனவரியில் எம்.ஆர். ஊசிக்குத் தகுதி பெற வேண்டிய குழந்தை டிசம்பரிலேயே, ஊசி போட வேண்டியவர்களின் நிலுவைப் பட்டியலில் வந்து நிற்கும்.

இத்தகைய தவறைப் பிடிக்கத் தேதிகளுக்கு இடையிலான உறவே நல்ல கருவி. பென்டா 2 தேதியை முதலிலும், கண்ட்ரோல் விசையுடன் பென்டா 1 தேதியை அடுத்தும் தேர்ந்து, ஆட் காலம் தாவலில் டேட் பகுதியில் உள்ள சப்டிராக்ட் டேஸ் என்பதைக் கொடுத்தால் இடைப்பட்ட நாட்கள் கிடைக்கும். முதலில் தேர்ந்ததிலிருந்து அடுத்துத் தேர்ந்தது கழிக்கப்படும் என்பதால் வரிசை முக்கியம். இரண்டு தவணைகளுக்கு நடுவே 28 நாட்களுக்குக் குறைவாக வந்தாலோ, பிறந்த தேதிக்கும் பென்டா 1 தேதிக்கும் நடுவே 42 நாட்களுக்குக் குறைவாக வந்தாலோ அந்த வரிசையை நிறுத்திப் பார்க்க வேண்டும். மேற்கண்ட குழந்தைக்குத் தவறான வாசிப்பில் பென்டா 2, 3 இடைவெளி 60 நாட்கள் எதிர்மறையாக வரும்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. பிறந்த அன்றே போட்ட பி.சி.ஜி. தேதி, பிறந்த தேதியோடு சேர்ந்தே இடம் மாறிவிடுவதால் இடைவெளி பூச்சியமாகவே நிற்கும், ஐயம் எழாது. ஆகவே இடைவெளியை மட்டும் நம்பாமல், தவணைத் தேதிகளுக்குக் கிழமைச் சோதனையையும் செய்கிறேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள் என்பது தாய்மார்களுக்கே மனப்பாடம். மேலே கண்ட 15/05/2024, 12/06/2024, 10/07/2024 ஆகிய மூன்றும் புதன்கிழமைகளே. தவறான வாசிப்பில் வந்த டிசம்பர் 6 வெள்ளிக்கிழமை, அக்டோபர் 7 திங்கட்கிழமை. ரெஃபரன்ஸ் எடுத்த குவெரியில் தவணைத் தேதிகளைத் தேர்ந்து, டிரான்ஸ்ஃபார்ம் தாவலில் டேட், டே, நேம் ஆஃப் டே என்று சென்றால் எல்லாத் தேதிகளும் கிழமைகளாக மாறும். பிறகு காலம் புரொஃபைல் என்பதை இயக்கினால் ஒவ்வொரு கிழமையும் எத்தனை முறை வருகிறது என்று தெரியும். புதன்கிழமை உயர்ந்து நின்றால் வாசிப்பு சரி. ஏழு கிழமைகளும் சமமாகப் பரவிக் கிடந்தால், ஒன்பது நெடுவரிசைகளில் எதில் அப்படி உள்ளதோ அதன் மூலத்தைத் தேடுங்கள். பிறந்த தேதிக்கு இது பொருந்தாது; குழந்தைகள் எல்லாக் கிழமைகளிலும் பிறக்கிறார்கள். பி.சி.ஜி. ஊசியும் பிறப்பின்போது போடும் ஹெபடைட்டிஸ் பி ஊசியும் மருத்துவமனையில் எந்தக் கிழமையிலும் போடப்படுகின்றன என்பதால், அந்த மூன்றுக்கும் மூலப் பதிவேட்டில் சில வரிசைகளை நேரில் ஒப்பிடுவதே வழி.

கோப்பு ஏற்கெனவே சேதமாகி வந்திருந்தால்

மூல சி.எஸ்.வி. கோப்பு தொலைந்து, யாரோ திறந்து சேமித்த எக்செல் கோப்பு மட்டுமே கையில் இருக்கும் நிலையும் உண்டு. அதன் அடையாளம் எளிது: ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்புறம் ஒட்டியும் சில இடப்புறம் ஒட்டியும் நிற்கும். வலப்புறம் நிற்பவை உண்மையான தேதிகளாக மாறிவிட்டவை. இடப்புறம் நிற்பவை எழுத்தாகத் தங்கியவை. வலப்புறம் நிற்பவற்றின் நாள் எண்ணைப் பாருங்கள். அவற்றில் ஒன்றுகூட 12 ஐத் தாண்டவில்லை என்றால், அவை யாவும் இடம் மாறியவை என்று கொள்ளலாம்.

அப்படியானால் அந்த நெடுவரிசைகளுக்கு வகை எதுவும் கொடுக்காமல் பவர் குவெரிக்குள் கொண்டுவந்து, டேபிள்.டிரான்ஸ்ஃபார்ம்காலம்ஸ் என்ற செயற்கூற்றில் (ஃபங்ஷனில்) ஒவ்வொரு மதிப்பையும் மூன்றாகப் பிரித்து நடத்த வேண்டும்: மதிப்பு நல் என்றால் அப்படியே விடுவது, டேட் டைம் வகையாக இருந்தால் அதன் ஆண்டை வைத்துக்கொண்டு, மாதத்தின் இடத்தில் நாளையும் நாளின் இடத்தில் மாதத்தையும் இட்டுப் புதிய தேதி ஆக்குவது, எழுத்தாக இருந்தால் டேட்.ஃபிரம்டெக்ஸ்ட் மூலம் இந்திய வட்டாரத்தில் படிப்பது. உண்மையான தேதிகளில் 13 அல்லது அதற்கு மேற்பட்ட நாள் ஒன்றாவது இருந்தால், பின்னர் யாரோ சரியான அமைப்புள்ள கணினியில் சில வரிசைகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது இந்த இடமாற்றத்தை ஒட்டுமொத்தமாகச் செய்யக் கூடாது. இடைவெளி, கிழமை ஆகிய சோதனைகளின் துணையோடு வரிசை வரிசையாகத்தான் முடிவெடுக்க வேண்டும்.

18:30 என்ற நேரம் தெரிந்தால்

இணையத் தளங்களிலிருந்து இறக்கிய கோப்புகளில் எல்லாத் தேதிகளோடும் 18:30 என்ற நேரம் ஒட்டியிருப்பதைக் காணலாம். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே இருப்பதால், இந்தியாவில் நள்ளிரவு என்று சேமிக்கப்பட்டது பொது நேரத்தில் முந்தைய நாள் மாலை 18:30 ஆகிவிட்டது என்பதே அதன் பொருள். நேரத்தை வெட்டித் தேதியை மட்டும் எடுத்தால் எல்லாத் தேதியும் ஒரு நாள் பின்தங்கும். எனவே, நேரத்தின் இறுதியில் பொது நேரத்தைக் குறிக்கும் Z என்ற எழுத்து இருந்தால், முதலில் டேட் டைம் டைம்சோன் வகைக்கு மாற்றி, டேட்டைம்சோன்.ஸ்விட்ச்சோன் செயற்கூற்றால் 5, 30 என்று நேரவலயத்தை நகர்த்திய பின்னரே தேதியை எடுக்க வேண்டும். கணினியின் உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் கட்டளையையும் பயன்படுத்தலாம் என்றாலும், பவர் பி.ஐ. இணையச் சேவையில் உள்ளூர் நேரம் என்பது உலகப் பொது நேரமே என்பதால் நான் எண்களைக் கொடுப்பதையே விரும்புகிறேன்.

நெடுவரிசைகள் கூடிக் குறையும்போது

கைச்சொடுக்கில் உருவான படி, ஒன்பது பெயர்களையும் தனக்குள் எழுதி வைத்திருக்கும். அடுத்த மாதக் கோப்பில் பத்தாவதாக ஒரு தேதி வந்தால் அது மாறாது. ஒரு தலைப்பில் ஓர் இடைவெளி கூடினாலே அந்த நெடுவரிசை காணவில்லை என்று குவெரி நின்றுவிடும். பெயரைக் கொண்டு தேதிகளைத் தானே கண்டுகொள்ளும் வகையில் படியை எழுதுவது இதற்குத் தீர்வு.

சூத்திரப் பட்டையின் இடப்புறம் உள்ள செயற்கூற்றுக் குறியை (fx) சொடுக்கிப் புதிய படியொன்றைத் தொடங்குங்கள். டேபிள்.காலம்நேம்ஸ் எல்லாத் தலைப்புகளையும் பட்டியலாகத் தரும். லிஸ்ட்.செலக்ட் அந்தப் பட்டியலில், டெக்ஸ்ட்.எண்ட்ஸ்வித் சோதனையின்படி தேதி என்ற சொல்லில் முடியும் தலைப்புகளை மட்டும் தேர்ந்தெடுக்கும். லிஸ்ட்.டிரான்ஸ்ஃபார்ம் ஒவ்வொரு பெயரையும், பெயர் ஒன்றும் டேட் வகை ஒன்றுமாக இரண்டு உறுப்புகள் கொண்ட சிறு பட்டியலாக்கும். கடைசியாக டேபிள்.டிரான்ஸ்ஃபார்ம்காலம்டைப்ஸ் என்பதற்கு முந்தைய படியின் பெயர், இந்தப் பட்டியல், இந்திய வட்டாரக் குறியீடு (en-IN) ஆகிய மூன்றையும் கொடுத்தால் வேலை முடிந்தது. பவர் குவெரியின் சூத்திர மொழியான எம் (M) மொழியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு என்பதால் செயற்கூற்றுப் பெயர்களைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. தேதி என்ற சொல்லை உள்ளடக்கிய தலைப்பு என்று தளர்வாகத் தேடாமல், அதில் முடியும் தலைப்பு என்று நான் வைப்பதற்குக் காரணம் உண்டு: தேதி குறித்தவர் பெயர் என்றொரு நெடுவரிசை இருந்தால், தளர்வான தேடல் செவிலியரின் பெயரையும் தேதியாக்க முயன்று பிழைகளை நிரப்பிவிடும்.

நீளவாக்கில் திருப்பும் வழி

நிலுவைப் பட்டியல் தயாரிப்பதே நோக்கம் என்றால், ஒன்பது நெடுவரிசைகளையும் ஒன்றாக்கிவிடுவது இன்னும் நல்லது. குழந்தையின் பதிவெண், பெயர் ஆகியவற்றைத் தேர்ந்து அன்பிவட் அதர் காலம்ஸ் என்று கொடுத்தால், ஊசியின் பெயர் ஒரு நெடுவரிசையிலும் தேதி மற்றொன்றிலும் வந்து சேரும். சுத்தம் செய்தல், வகைமாற்றம், கிழமைச் சோதனை எல்லாம் அந்த ஒன்றில் செய்தால் போதும். இங்கே ஒரு கவனம் தேவை. அன்பிவட் செய்யும்போது நல் மதிப்புகள் அடியோடு விடுபடும் என்பதால், ஒரு தேதியும் இல்லாத குழந்தை பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். நிலுவைப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டியது அந்தக் குழந்தைதான். குழந்தைகளின் முழுப் பட்டியலைத் தனிக் குவெரியாக வைத்து, பின்னர் மெர்ஜ் செய்து, அதாவது பதிவெண்ணைக் கொண்டு இரண்டையும் இணைத்து, அவர்களை மீட்டுக்கொள்ளுங்கள். மீண்டும் அகலவாக்கில் திருப்ப பிவட் காலம் பயன்படுத்தினால், டோன்ட் அக்ரிகேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பதிவெண்ணில் ஒரே ஊசி இருமுறை பதிவாகியிருந்தால் அந்தக் கட்டத்தில் பிழை வரும். அதுவும் பயனுள்ள செய்தியே, இரட்டைப் பதிவு எங்கே உள்ளது என்று அது காட்டிக்கொடுக்கிறது.

எக்செல் தாளுக்கு அனுப்பும் முன், இறுதிப் படியில் ஒன்பது தலைப்புகளிலும் நாட்காட்டிக் குறி உள்ளதா என்று ஒருமுறை பாருங்கள். வகை கொடுக்கப்படாமல் தப்பிய நெடுவரிசை தாளில் 45000 போன்ற எண்களாக இறங்கக்கூடும். அந்த எண் 2023 மார்ச் 15 ஐக் குறிக்கிறது, தரவு கெடவில்லை. பவர் குவெரிக்குத் திரும்பி, விடுபட்ட அந்தத் தலைப்பையும் வகைமாற்றப் படிக்குள் சேர்த்துவிட்டு மறுபடி புதுப்பித்தால் அது தேதியாகவே இறங்கும்.